குறைத்துச் சொல்லச் சொன்னவன்

ஆபத்து என்றால் முதலில் ஓடுகிறவன் நான். ஓடுகிற திசைதான் எப்போதும் பிழை. லுசேர்ணில் நான் வேலை செய்யும் ஹோட்டலில் ஒருமுறை தீ எச்சரிக்கை மணி அடித்தது. சமையல் குசினியில் நின்ற எல்லோரும் பின்கதவால் வெளியே போக, நான் கைக்குக் கிடைத்த மயோனைஸ் வாளியைத் தூக்கிக்கொண்டு குளிர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். தீயும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. யாரோ பாண் துண்டு ஒன்றைக் கருக்கியிருந்தார்கள். இருபது நிமிடம் கழித்து என்னைக் கண்டுபிடித்தபோது மீசையில் பனி. அந்தக் கதையை நானே ஊரெல்லாம் சொல்லிச் சனத்தைச் சிரிக்க வைத்திருக்கிறேன். இப்போது எழுதுவதும் அதே ஆளின் கதைதான். ஆனால் சிரிப்பு பாதி வழியில் இறங்கிவிடும். நீங்கள் அதற்குப் பிறகும் கொஞ்சத் தூரம் என்னோடு வரவேண்டியிருக்கும்.

அமெரிக்காவுக்கும் சீனாவுக்கும் என்ன பிரச்சினை என்று முன்பு என்னிடம் யாராவது கேட்டிருந்தால், அவித்த முட்டை முடிந்துபோவதுதான் என்று சொல்லியிருப்பேன். எங்கள் ஹோட்டலில் காலைச் சாப்பாட்டுக்கு இரண்டு நாட்டுக்காரரும் பஸ் பஸ்ஸாக இறங்குவார்கள். ஒரே தட்டில் இரண்டு கரண்டி மோதும். நான் உள்ளே போய் இன்னொரு தட்டு முட்டை கொண்டுவந்து வைப்பேன். போர் முடிந்துவிடும். உலக விவகாரத்தில் என் அறிவு அவ்வளவுதான்.

எங்கள் மகள் இங்கே பிறந்தவள். சூரிச்சில் ஒரு சின்னக் கம்பனியில் வேலை செய்கிறாள். பத்துப் பேருக்கு மேல் இல்லை. நெஞ்சு எக்ஸ்ரே படங்களைக் கம்பியூட்டருக்குக் காட்டி, சளி எது, நோய் எது என்று அதற்குப் பழக்குகிற ஏஐ வேலைதான் அவர்களின் தொழில். அதே அறையில் பக்கத்து மேசையில் ஒரு சீனத்துப் பெடியன். பெடியன் என்று நான் சொல்வது என் வயதுக் கொழுப்பில். முப்பத்திரண்டு வயது, மூக்குக்கண்ணாடி, யாரோடு கதைத்தாலும் முதலில் தலையை ஒருதரம் குனிந்து நிமிர்த்துவான். இரண்டு வருடம் பக்கத்து மேசையில் இருந்தவர்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை லுசேர்ணுக்குப் பக்கத்து எம்மன்புரூக்கேயில் எங்கள் வீட்டு மேசைக்கு வந்துவிட்டார்கள்.

மனைவி அன்றைக்கே குசினிக்குள் என்னை இழுத்துக்கொண்டு போய்ச் சொன்னாள். "சனத்துக்கு என்ன சொல்லுறது?"

"சனத்துக்குச் சோறு போடுவம். வாய் நிறைஞ்சிருந்தால் ஒருத்தரும் கதைக்கேலாது."

"உங்களுக்கு எல்லாம் பகிடி."

பகிடிதான். ஆனால் மூன்றாவது ஞாயிறு அவனே மாவும் இறாலும் லீக்ஸும் கொண்டுவந்து, எங்கள் மேசையில் அவனுடைய ஊர்க் கொழுக்கட்டை பிடித்தபோது மனைவி பக்கத்தில் கதிரை போட்டு இருந்துவிட்டாள். நானும் பிடித்தேன். இத்தனை வருடம் ஹோட்டல் குசினியில் நின்றவனின் கொழுக்கட்டை கார் ஏறின நத்தை மாதிரி வந்தது. அவன் அதைச் சிரிக்காமல் எடுத்து, மடிப்பைச் சரிசெய்து, தன்னுடைய வரிசையிலேயே வைத்தான். மகள் அவனுக்கு 'மாமா', 'மாமி' என்ற இரண்டு சொற்களைப் பழக்கியிருந்தாள். மற்றதெல்லாம் டொச்சில்தான், இங்கத்தை ஜெர்மன் மொழியில். அவனுடையது பாடப்புத்தக டொச், என்னுடையது பானை சட்டி டொச். ஆனாலும் 'மாமா' என்று அவன் கூப்பிடும்போது கடைசி எழுத்து கொஞ்சம் மேலே போய் நிற்கும். யாரோ படியில் நின்று என்னைக் கூப்பிடுகிற மாதிரி இருக்கும்.

ஆவணியில் எழுத்தை, கலியாணப் பதிவை, வைப்பது என்று முடிவானது. முறைப்படி தாலிக்குப் பொன் உருக்குகிற பொன்னுருக்கு மாப்பிள்ளை வீட்டில் நடக்க வேண்டும். மாப்பிள்ளையின் வீடு சூரிச்சில் ஒற்றை அறை, முகட்டில் புகை மணி. "பொன் உருகிறதுக்கு முதல் தீயணைப்புப் படை வந்திடும்," என்றேன். "வரட்டும், அவங்களுக்கும் பலகாரம் குடுப்பம்," என்றாள் மகள். அவள் அப்படிச் சிரித்து நான் கண்டது அந்த மாதத்தில்தான்.

பிறகு சட்டம் வந்தது.

சட்டம் வந்தது அமெரிக்காவில். நாங்கள் இருப்பது சுவிசில். சுவிஸ் நடுநிலை நாடு என்று குடியுரிமைப் பரீட்சையில் எழுதிப் பாஸ் பண்ணியவன் நான். ஆகவே முதலில் எனக்கு இது விளங்கவில்லை. மகள்தான் ஒரு ஞாயிறு சாப்பாட்டு மேசையில் உப்புப் போத்தலை அமெரிக்கா என்று ஒரு பக்கமும் மிளகுப் போத்தலைச் சீனா என்று மறு பக்கமும் வைத்து விளங்கப்படுத்தினாள்.

"இவங்கட காசு அவங்கட ஏஐக்குள்ளை போகக் கூடாது. அவங்கட கை பட்டது இவங்கட நாட்டுக்குள்ளை வரக் கூடாது. சட்டம் அவ்வளவுதான்."

"நீங்கள் நடுவிலை இருக்கிறியள் தானே?"

"எங்கட கம்பனியிலை பெரிய காசு போட்டது அமெரிக்காக்காரர் அப்பா. அவையள் வக்கீல் வைச்சிருக்கினம். இனி வேலை செய்யுற எல்லாரும் எழுதிக் குடுக்க வேணும். அந்த நாட்டோடை என்ன தொடர்பு, அந்த நாட்டு ஆக்களோடை என்ன உறவு எண்டு."

நான் பெடியனைப் பார்த்தேன். அவன் தட்டில் இருந்த புட்டை விரலால் ஓரத்துக்கு ஒதுக்கிக்கொண்டிருந்தான். அந்த நாட்டு ஆள் என்றால் அவன்தான். அந்த நாட்டு ஆளோடு உறவு என்றால் என் மகள்தான். வேலை போனால் இந்த நாட்டில் இருக்க அவனுக்குத் தந்த பேர்மிற்றும் போகும். அந்தப் பேர்மிற் வேலையோடு கட்டியது.

"எப்ப எழுதிக் குடுக்க வேணும்?"

"வாற வெள்ளிக்குள்ளை. ஆளாளுக்குத் தனித்தனியாய். ஒண்டும் பிரச்சினை வராது. உள்ளதை எழுதினால் சரி."

உள்ளதை எழுதினால் சரி. இங்கே பிறந்த பிள்ளையின் வாயில் மட்டும்தான் அந்த வசனம் இவ்வளவு லேசாக வரும்.

அன்று பின்னேரமே எனக்குப் பதகளிப்புத் தொடங்கிவிட்டது. வீட்டில் சீனச் சாமான் என்னென்ன இருக்கிறது என்று பார்க்கத் தொடங்கினேன். சோறு அவிக்கிற கருவியைக் கவிழ்த்துப் பார்த்தேன். சீனா. மிக்சியின் அடி. சீனா. கடைசியாகச் சுவாமித் தட்டில் பிள்ளையாருக்குப் பின்னால் பச்சையும் சிவப்புமாகச் சுற்றுகிற ஒளிவட்டத்தைக் கழற்றித் திருப்பினேன். மனைவி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வயோதிபர் இல்லத்தில் வேலை செய்கிறவள். புத்தி தடுமாறினவர்களோடு சத்தம் போடாமல் கதைக்கப் பழகியவள்.

"பிள்ளையாரையும் நாடு கடத்தப் போறியளோ?"

"அமெரிக்காக்காரன் வந்து பார்த்தால்?"

"அமெரிக்காக்காரன் எம்மன்புரூக்கேக்கு வந்து எங்கட சுவாமித் தட்டைப் பார்ப்பானோ?"

வரமாட்டான் என்று எனக்கும் தெரியும். ஆனால் என்னுடைய பயத்துக்கு டொச்சும் தெரியாது, நியாயமும் தெரியாது. அது நான் சுவிசில் வந்து இறங்கின நாளில் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது. விண்ணப்பம் என்றால், கேள்வித்தாள் என்றால், 'உறவு' என்று போட்டு ஒரு கட்டம் கீறியிருந்தால், கண் முதலில் வெளிக்கதவைத் தேடும்.

அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. நாங்கள் வந்த காலத்தில் அகதி முகாமில் ஒரு பழக்கம் இருந்தது. நாளைக்கு ஒருவனுக்கு அகதி விசாரணை என்றால், முதல் நாள் பின்னேரம் அவனைக் கட்டிலில் இருத்தி நாங்கள் விசாரிப்போம். ஒருவன் அதிகாரி. ஒருவன் மொழிபெயர்ப்பாளர். ஒருவன் சும்மா முறைத்துக்கொண்டிருப்பான், அது எழுத்தர். பாடம் இதுதான்: கேட்டதற்கு மட்டும் சொல். ஆட்களைக் குறை. உறவைக் குறை. உறவு கூடினால் கேள்வி கூடும், கேள்வி கூடினால் எங்கேயாவது முரண்படும், முரண்பட்டால் திருப்பி அனுப்புவார்கள். அந்தக் கட்டிலில் அதிகாரியாக நடிப்பதில் நான் கெட்டிக்காரன். மூக்கைச் சொறிந்துகொண்டு "பொய்" என்று சொல்லுவேன். பெடியள் சிரிப்பார்கள். அடுத்த நாள் ஒருவனும் சிரிக்க மாட்டான்.

செவ்வாய்க்கிழமை நான் பெடியனை லுசேர்ணுக்கு வரச்சொன்னேன். மகளுக்குச் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னேன். குசினிக்காரருக்கு இரண்டு மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையில் ஓய்வு. நான் வழக்கமாக உடுப்பு மாற்றும் அறையில் நித்திரை கொள்ளும் நேரம் அது. அன்று ஏரிக்கரையில் படகுத்துறைக்குப் பக்கத்து வாங்கில் அவனை இருத்தினேன். அவன் வழக்கம்போலச் சுடுதண்ணீர்ப் போத்தலோடு வந்திருந்தான். இரண்டு வாய் குடித்துவிட்டு எனக்கும் நீட்டினான்.

"நான் அதிகாரி," என்றேன். "நீ நீதான். சொல்லு, உன்னோடு வேலை செய்யும் அந்தப் பெண் உனக்கு என்ன உறவு?"

"நான் கலியாணம் செய்யப்போகிறவர்."

"பிழை. வேலைத்தோழி."

அவன் என்னைப் பார்த்தான். "மாமா, அது பொய் அல்லவா?"

"பொய் இல்லை. குறைச்சுச் சொல்லுறது. அவள் உன்ரை வேலைத்தோழிதானே? ஓமோ, இல்லையோ?"

"ஓம்."

"அப்ப அது உண்மை. மிச்சம் அவங்கள் கேட்டால் பார்ப்பம்."

குசினியில் ஓடர் எழுதும் துண்டு என் சேர்ட் பையில் இருந்தது. அதன் பின்பக்கத்தில் எழுதிக்கொடுத்தேன். 'வேலையிடத்துப் பழக்கம் மட்டும். காண்டீனில் இடைக்கிடை கோப்பி குடிப்போம், அவ்வளவுதான். வேறு உறவு இல்லை.' இலக்கணப் பிழைகளை அவன் மரியாதையாகத் திருத்தினான்.

அவனுக்குத் தைரியம் வர வேண்டும் என்று என் அண்ணனின் கதையையும் சொன்னேன். எனக்கு ஒரு அண்ணன் இருந்தார். என்னுடைய விசாரணையில், சகோதரம் உண்டா என்று கேட்டபோது இல்லை என்றேன். அண்ணனைச் சொன்னால் அவர் எங்கே, என்ன செய்தார், யாரோடு திரிந்தார் என்று கேள்வி வளரும். வளரவில்லை. பேர்மிற் கிடைத்தது. இன்றைக்கும் சுவிஸ் அரசாங்கத்தின் கோப்பில் நான் தனிப்பிள்ளை. "பார், எனக்கு வேலை செய்தது," என்றேன்.

கதையின் மற்றப் பாதியை அவனுக்குச் சொல்லவில்லை. பத்து வருடம் கழித்து அண்ணன் ஊரில் செத்தபோது நான் வேலையிடத்தில் பல்லுவலி என்று சொல்லி இரண்டு நாள் வீட்டில் நின்றேன். இல்லாத அண்ணனுக்கு எந்த லீவு எடுப்பது? மூன்றாம் நாள் குசினியில் எல்லோரும் என் கன்னத்தைப் பார்த்து வீக்கம் குறைந்துவிட்டது என்றார்கள். நானும் ஓம் என்றேன்.

"அவவுக்கு இது தெரியுமா?" என்று கேட்டான்.

"நான் சொல்லுறன். நீ ஒண்டும் கதைக்காதை. அவளும் இதையே எழுதுவாள்."

அவன் துண்டை இரண்டாக மடித்துப் பர்சுக்குள் வைத்தான். எழும்பி, தலையைக் குனிந்து, "நன்றி, மாமா," என்றான். ரயிலுக்கு நடந்து போகும்போது நான் பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு குடும்பத்தையே காப்பாற்றிவிட்ட பெருமை. கையில் மயோனைஸ் வாளி மட்டும்தான் இல்லை.

மகளுக்குச் சொல்ல நான் புதன்கிழமை போனை எடுத்தேன். எடுத்து, ரயில் பிந்தியதைப் பற்றிக் கதைத்தேன். வியாழக்கிழமை எடுத்து, கறிவேப்பிலை விலையைப் பற்றிக் கதைத்தேன். பொய் எழுதச் சொன்னால் அவள் என்ன சொல்லுவாள் என்று எனக்குத் தெரியும். அவள் மறுத்தால், அவனுக்கு நான் சொல்லிக்கொடுத்ததையும் அவிழ்க்க வேண்டும். வெள்ளிக்கிழமை காலை எழுதுவாளாக்கும் என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை காலை ஹோட்டலில் மூன்று பஸ் வந்தது. போன் அறையில் கிடந்தது. அவள் வியாழக்கிழமை பின்னேரமே எழுதிக் கொடுத்துவிட்டாளாம்.

முரண்பாடுதான் ஆளைக் கொல்லும் என்று முகாமில் நூறு பேருக்குப் பாடம் எடுத்தவன் நான். இரண்டு பேர் விசாரணைக்குப் போகும்போது ஒருவருக்கு மட்டும் சொல்லிக்கொடுத்துவிட்டு நின்றேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை, வேலை நாளில், மத்தியானம் இரண்டரைக்கு மகள் வீட்டுக்கு வந்தாள். எனக்கு அன்று விடுமுறை. சப்பாத்தைக் கழற்றாமல் மேசைக் கதிரையில் இருந்தாள். மனைவி தேத்தண்ணி வைத்தாள். மகள் அதைத் தொடவில்லை.

"அவரை வேலையாலை நிப்பாட்டிப்போட்டினம். இண்டைக்கே. மேசையைத் துப்புரவாக்கச் சொல்லி."

"சட்டத்தாலையோ?" என்றேன். என் குரல் எனக்கே யாரோ பக்கத்து வீட்டுக்காரரின் குரல் மாதிரிக் கேட்டது.

"சட்டத்தாலை இல்லை. அந்த வக்கீல் மனுசி என்னையும் கூப்பிட்டா. ரெண்டு பேப்பரையும் பக்கத்திலை பக்கத்திலை வைச்சா. என்ரை பேப்பரிலை, இவர் என்னைக் கலியாணம் முடிக்கப் போறவர், ஆவணியிலை எழுத்து எண்டு இருக்கு. அவற்றை பேப்பரிலை, வேறு உறவு இல்லை எண்டு இருக்கு. கீழை கையெழுத்து."

மனைவி நெஞ்சில் கை வைத்தாள்.

"உண்மையைச் சொல்லியிருந்தால் ஒரு வழி இருந்ததாம். சட்டம் தொடாத வேறை வேலைக்கு அவரை மாத்தலாம் எண்டு முதலே யோசிச்சு வைச்சிருந்தவையாம். பொய் எழுதினவரை வைச்சிருக்கேலாதாம். காசு போட்டவைக்கு என்ன சொல்லுறது எண்டு கேட்டா." அவள் மேசை விரிப்பின் ஓரத்தை மடித்தாள். "நான் அவரைக் கேட்டன், ஏன் எழுதினனீங்கள் எண்டு. ஒண்டும் சொல்லேல்லை. தலையைக் குனிஞ்சுகொண்டு நிக்கிறார்."

அப்போது நான் சொல்லியிருக்க வேண்டும். இந்த இடத்தில் என்னைப் பற்றி ஒரு பகிடி எழுதலாம் என்று மூன்று தரம் முயன்று வெட்டிவிட்டேன். நான் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அவ்வளவுதான் நடந்தது. மகள் அழவில்லை. தேத்தண்ணி ஆறி, மேலே ஆடை கட்டியது. மனைவி அவளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். முப்பது வருடம் என்னோடு இருந்தவளுக்கு என்னுடைய மௌனத்தில் எது எந்த வகை என்று தெரியும்.

அடுத்த ஓய்வு நாளில் நான் சூரிச்சுக்குப் போனேன். அவனுடைய அறையில் புத்தகங்கள் பெட்டிக்குள் போய்க்கொண்டிருந்தன. வேறு கம்பனிகளுக்கு எழுதிப் போட்டானாம். இந்தத் தொழிலில், இந்த நேரத்தில், அந்த நாட்டுக் கடவுச்சீட்டோடு, முந்தைய இடத்தில் பொய் அறிக்கை கொடுத்தவன் என்ற பெயரோடு, யாரும் கூப்பிடவில்லை. ஊருக்குப் போவதாகச் சொன்னான். அங்கேயும் இந்தத் தொழில்காரரை நினைத்தபடி வெளிநாடு போக விடுவதில்லை என்று கேள்விப்பட்டிருக்கிறேன் என்றேன். அவன் பெட்டியின் வாயை ஒட்டிக்கொண்டே, "நானும் கேள்விப்பட்டேன்," என்றான்.

"தம்பி, நான்தான் சொல்லித் தந்தது எண்டு அவளுக்குச் சொல்லு. என்னிலை போடு. முழுக்க என்னிலை போடு."

அவன் நாடாவைப் பல்லால் கடித்து வெட்டினான். பிறகு சுத்தமான பாடப்புத்தக டொச்சில் சொன்னான்.

"மாமா, கையெழுத்து என்னுடையது."

"நான் சொன்னதாலைதானே வைச்சனீ?"

"அவ கேட்டபோது, தகப்பன் சொன்னார் என்று நான் சொன்னால், அவவுக்கு நாங்கள் இரண்டு பேரும் இல்லாமல் போய்விடுவோம்."

எனக்கு இருக்க ஒரு கதிரை தேடினான். எல்லாவற்றையும் கொடுத்துவிட்டான். ஒரு பெட்டியைக் காட்டி, இது பலமானது, இதில் இருங்கள் என்றான். நான் அவனுடைய புத்தகங்களின் மேல் இருந்து அழுதேன். அவன் சுடுதண்ணீர் கொதிக்க வைத்தான்.

சனிக்கிழமை எங்கள் கட்டடத்தில் எங்களுக்கு உடுப்புத் தோய்க்கும் முறை. மகள் வந்திருந்தாள். நிலவறையில் மிசின் அறையில் இரண்டு பேரும் கட்டில் விரிப்பை ஆளுக்கு ஒரு தலைப்பாகப் பிடித்து மடித்துக்கொண்டிருந்தோம். அந்த அறையில் ஒளியவும் இடமில்லை, ஓடவும் இடமில்லை. நான் சொன்னேன்.

"பிள்ளை, அந்தப் பேப்பரிலை இருந்தது அவன்ரை வசனம் இல்லை. நான் எழுதிக் குடுத்தது."

அவள் தன் தலைப்பை என் கையில் தந்து, தொங்கின மடிப்பைக் குனிந்து எடுத்தாள்.

"தெரியும்."

"ஆர் சொன்னது? அவனோ?"

"அவர் இண்டைக்கு வரைக்கும் சொல்லேல்லை. கோப்பி எண்டு இருந்தது அப்பா. அவர் வாழ்க்கையிலை கோப்பி குடிச்சதில்லை. இடைக்கிடை கோப்பி, அவ்வளவுதான். வாசிக்கேக்கையே உங்கட குரல் கேட்டது."

"அப்ப ஏன் அவனைக் கோவிக்கிறாய்? என்னைக் கோவியன்."

"உங்களையும் கோவிக்கிறன். பாக்கத் தெரியேல்லையோ?"

மிசின் சுற்றிக்கொண்டிருந்தது. அவள் அடுத்த விரிப்பை எடுத்தாள். நான் என் தலைப்பைப் பிடித்தேன்.

"நான் வேலையை விடுறதுக்குக் கடிதம் எழுதி வைச்சிருந்தனான். அந்தக் கிழமை முடிய அவருக்குச் சொல்லுவம் எண்டு. கலியாணம் முடிச்சால் என்ரை பேரிலை அவருக்குப் பேர்மிற் வரும். அவங்கட காசும் வேண்டாம், அவங்கட சட்டமும் வேண்டாம். ஆஸ்பத்திரியிலை வேலை எடுக்கலாம் எண்டு விசாரிச்சும் வைச்சனான்."

"இப்பவும் முடிக்கலாம் தானே பிள்ளை. ஒண்டும் கெட்டுப்போகேல்லை."

அவள் விரிப்பை மார்போடு பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். சின்ன வயதில் கணக்குச் சொல்லிக்கொடுக்கப் போய் நான் பிழையாகச் சொன்னால் பார்க்கிற அதே பார்வை. கோபம் கூட இல்லை, ஒரு களைப்பு.

"நீங்கள் சொன்னியள், அவர் எழுதினார். ரெண்டு பேரும் சேர்ந்து என்னைக் காப்பாத்தினியள். ஒராள் கூட என்னட்டைக் கேக்கேல்லை. நான் இவ்வளவு காலம் அவருக்கு ஆராய் இருந்தனோ, அதை ஒரு துண்டிலை இல்லை எண்டு எழுதிக் கையெழுத்து வைக்க அவருக்கு ஏலுமாய் இருந்தது. நாளைக்கு இன்னொரு சட்டம் வரும். அப்பவும் ஆரோ ஒரு பெரியாள் வந்து நல்லதுக்குத்தான் எண்டு சொல்லுவார். நான் அப்பவும் பக்கத்து மேசையோ?"

வழக்கமாக இந்த மாதிரி நேரத்தில் எனக்கு ஒரு பகிடி வந்து கைகொடுக்கும். வரவில்லை.

"மற்றத் தலைப்பை விடாதேங்கோ, நிலத்திலை படுது," என்றாள்.

ஒரு திங்கட்கிழமை அவன் போய்விட்டான். விமான நிலையத்துக்கு நான் மட்டும் போனேன். மனைவி பருத்தித்துறை வடை கட்டிக் கொடுத்திருந்தாள். கைப்பையில் இடமில்லாமல் ஒரு சேர்ட்டை எடுத்து மேலே போட்டுக்கொண்டு வடையை உள்ளே வைத்தான். மகள் அன்று வேலைக்குப் போனாள். அந்த வேலைக்கு இன்றைக்கும் போகிறாள். எக்ஸ்ரே படங்களை அந்தக் கம்பியூட்டர் இப்போது நன்றாகப் படிக்கிறதாம். சட்டத்தைப் பற்றிக் கேட்டால், அதில் ஏதோ திருத்தம் வரப்போகிறது என்கிறாள். பக்கத்து மேசையில் யாரையும் இன்னும் போடவில்லையாம்.

அவன் போன பிறகும் எனக்கு ஒரு யோசனை விடவில்லை. கலியாணம் போனது போனது. பொய்யன் என்று ஒரு கோப்பில் அவன் பெயர் கிடக்கிறதே, அதையாவது துடைக்கலாம். அந்தப் பெயர் இருக்கும் வரை இந்தப் பக்கத்தில் ஒருவனும் அவனுக்கு வேலை கொடுக்க மாட்டான். நான் குடியுரிமை எடுக்கும்போது வாங்கின கோட்டைப் போட்டுக்கொண்டு, முன்கூட்டி ஒரு நேரமும் கேட்காமல், சூரிச்சில் அந்த வக்கீலின் அலுவலகத்துக்குப் போனேன். மனைவி தடுக்கவில்லை. கோட்டின் பொத்தான் இப்போது பூட்டுவதில்லை என்று மட்டும் சொன்னாள்.

வரவேற்பில் ஒரு இளம் பெண் இருந்தாள். வக்கீல் இல்லை, ஆனால் நான் எழுத்தில் தரலாம் என்று சொல்லி ஒரு படிவம் தந்தாள். யாரைப் பற்றி. உங்கள் பெயர், முகவரி. அந்த நபரோடு உங்கள் உறவு. விபரம்.

விபரத்தை நான் முதலில் எழுதினேன். கேட்டதற்கு மேலாகவே எழுதினேன். ஏரிக்கரை, வாங்கு, துண்டு, கோப்பி, அவன் பொய்யா என்று கேட்டது, நான் இல்லை என்றது, எல்லாம். இடம் போதாமல் மறுபக்கத்துக்கும் போனேன். என் டொச்சைப் பார்த்துச் சிரிக்க நினைப்பவர்கள் சிரிக்கட்டும் என்று விட்டேன். சுவிசில் ஒரு அலுவலகத்துக்கு நான் எழுதிக்கொடுத்த காகிதங்களில் முழுக்க உண்மையானது அது ஒன்றுதான். பெயரும் முகவரியும் எழுதினேன். கையெழுத்து வைத்தேன். கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அவள் வாசித்துப் பார்க்கவில்லை, கட்டங்களை மட்டும் பார்த்தாள். பிறகு பேனை முனையால் ஒரு கட்டத்தைத் தொட்டாள்.

"இது வெறுமையாக இருக்கிறது. அந்த நபரோடு உங்கள் உறவு?"

நான் படிவத்தைத் திரும்ப வாங்கினேன். மாமனார் என்று எழுத முடியாது. வருங்கால மாமனார் என்றும் எழுத முடியாது. நண்பர் என்று அவனைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. 'மாமா' என்று அவன் கூப்பிட்ட சொல்லுக்கு டொச்சில் என்ன எழுதுவது? எழுதினாலும் அது யாருக்கு, எந்த முறையில்? எனக்குப் பின்னால் ஒரு தபால்காரர் பொதியோடு வந்து நின்றார். அந்தப் பெண் அவசரப்படுத்தவில்லை. நல்ல பிள்ளை. என் மகளின் வயதுதான் இருக்கும்.

"உறவு ஒன்றும் இல்லையென்றால் ஒரு கோடு போடுங்கள்," என்றாள். "பிரச்சினை இல்லை."

நான் கோடு போட்டேன். அவள் நன்றி சொல்லி வாங்கி, திகதி முத்திரை குத்தி, தட்டில் வைத்தாள்.